பச்சை மரமும் பாலக்காட்டுக் காற்றும்: கிண்ணம் வெடிக்காமல் காய வைப்பது

போத்தனூர் சந்திப்பை விட்டு மதுக்கரை, எட்டிமடை, வாளையாறு என்று பாலக்காட்டுக்கு ஓடும் தண்டவாளம், மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி வழியாகப் போகிறது. 1862-ல் ரயில் அந்த வழியைப் பிடித்தது. காற்று எப்போதோ பிடித்துவிட்டது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காற்று வரம். பச்சை மரத்தில் கிண்ணம் கடைகிறவருக்கு அதுதான் முதல் எதிரி.

அத்தியாயத்தைக் காற்றிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. பச்சை மரக் கடைசல் பற்றிய நூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உருவானவை. குளிரும் ஈரமும் நிறைந்த ஊர்க்காரர்கள், அரைகுறையாகக் கடைந்த கிண்ணத்தைக் காற்றோட்டமான கொட்டகையில் வைத்து ஒரு வருடம் மறந்துவிடச் சொல்வார்கள். அவர்கள் ஊரில் அது சரி. போத்தனூரில் பங்குனி மாதம் அதைச் செய்தால், காலையில் கடைந்த மாமரக் கிண்ணம் மாலைக்குள் விளிம்பில் வாய் திறந்துவிடும். இங்கே மரத்தைக் காயவைக்க நாம் பாடுபட வேண்டியதில்லை, ஊரே காயவைத்துவிடும். அதை இழுத்துப் பிடித்துத் தாமதப்படுத்துவதுதான் நம் வேலை.

எது சுருங்குகிறது, எது சுருங்குவதில்லை

வெட்டிய மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. நுண்குழல்களுக்குள் தேங்கி நிற்பது ஒன்று, குழல்களின் சுவரிலேயே ஊறியிருப்பது இன்னொன்று. முதலாவது வெளியேறும்போது மரத்தின் எடை குறையும், அளவு மாறாது. மரத்தின் உலர் எடையில் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகுதான் சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கும். சுருக்கம் அப்போதுதான் ஆரம்பம். எடை மளமளவென்று இறங்கும் முதல் நாட்களில் கிண்ணம் முழு வட்டமாகவே இருப்பதும், ‘தப்பிச்சாச்சு’ என்று நினைத்த பிறகு கோணுவதும் இதனால்தான்.

சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருந்தால் வெடிப்பே வராது, கிண்ணம் கொஞ்சம் சிறியதாகும், அவ்வளவுதான். மரம் அப்படிச் செய்வதில்லை. நார் ஓடும் நீளவாக்கில் அது ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஓரளவு சுருங்கும். வளையத்தை ஒட்டிச் சுற்றுவாக்கில் அதைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு, சில மரங்களில் அதற்கும் மேல் சுருங்கும். தேக்கில் மையத்திலிருந்து வெளிநோக்கி 2.5 சதவீதம், சுற்றுவாக்கில் 5.8 சதவீதம். ஒரு முழு வட்டத் துண்டை வெயிலில் போட்டால் ஆரம் குறைவதைவிடச் சுற்றளவு அதிகமாகக் குறையப் பார்க்கும். அது நடக்க ஒரே வழி, பட்டையிலிருந்து மையம் வரை எங்காவது ஓரிடத்தில் பிளந்துகொள்வதுதான். மரத்தின் நடுமையத்தைக் கிண்ணத்துக்குள் விட்டுவைத்தால் வெடிக்கும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ரயில்வே ஊர்க்காரர்களுக்கு இதைக் கண்ணால் பார்த்த அனுபவம் இருக்கும். கான்கிரீட் ஸ்லீப்பர் வருவதற்கு முன் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த மரக்கட்டைகளின் வெட்டுமுகத்தில் ‘S’ வடிவத்தில் ஓர் இரும்புத் தகடு அறைந்திருப்பார்கள். வெட்டுமுகம் பிளந்து, பிளவு உள்ளே ஓடாமல் இருக்க அந்த ஏற்பாடு. கிண்ணத்தில் இரும்பு அறைய முடியாது, ஆனால் பாடம் அதேதான். நார்க்குழல்களின் வாய் திறந்திருக்கும் வெட்டுமுகத்தில் ஈரம் மற்ற பக்கங்களைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகப் போகும், எனவே பிளவும் அங்கிருந்துதான் தொடங்கும். ஒரு கிண்ணத்தின் சுவரில் எதிரெதிராக இரண்டு இடங்களில் இந்த வெட்டுமுகம் வந்து நிற்கிறது. வெடிப்பு வந்த கிண்ணங்களைப் புரட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.

(பழைய ஸ்லீப்பர் கட்டை மலிவாகக் கிடைக்கிறதே என்று கிண்ணம் கடைய எடுக்காதீர்கள். கிரியோசோட் எண்ணெய் ஊறியவை அவற்றில் நிறைய உண்டு. அது உணவுக்கு ஆகாத நஞ்சு.)

எந்த மரம்

வெடிப்பைத் தடுக்க நாம் செய்யும் எல்லாவற்றிலும் பாதி வேலை, மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிந்துவிடுகிறது. கோயமுத்தூர்ச் சாலையோரங்களிலும் பள்ளி மைதானங்களிலும் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம், பச்சையாகக் கடைவதற்கென்றே பிறந்ததுபோல. சுற்றுவாக்கில் அதன் சுருக்கம் 3.4 சதவீதம்தான், மையத்திலிருந்து வெளிநோக்கி 2 சதவீதம். தென் அமெரிக்காவிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய இந்த மரத்துக்கு ஹவாய்த் தீவில் ‘மங்கிபாட்’ என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு விற்ற மரக் கிண்ணம், தட்டுகளில் பெரும்பகுதி இந்த மரத்தில் செய்தவை. ஈரமாகவே கடைந்து முடித்தாலும் பெரிதாகப் பழுதாகாத மரம் என்பதால்தான் அந்த வியாபாரமே ஓடியது. நம் ஊரில் அதை விறகாகவும் பெட்டிக் கட்டையாகவும்தான் பார்க்கிறோம். வைரப்பகுதி காப்பி நிறம், வெள்ளைப்பகுதி வெளிர் மஞ்சள். அதன் தூசு மட்டும் கண்ணையும் மூக்கையும் அரிக்கும், முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாள் போடாதீர்கள்.

அடுத்தது பூவரசு. வேலிக்கு நட்டது, தானாக முளைத்தது என்று கிராமப்புறத்தில் இன்னும் கிடைக்கிறது. இந்த மரத்தையும் ஹவாய் மக்கள் ‘மிலோ’ என்ற பெயரில் உணவுக் கிண்ணங்களுக்குப் பழங்காலம் தொட்டுப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். மூன்றாவதாக நான் சொல்லப்போகும் மரத்தைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம்: சீமைக்கருவேலம். அதன் நெருங்கிய உறவான அமெரிக்க மெஸ்கீட், உலகில் மிகக் குறைவாகச் சுருங்கும் கடின மரங்களில் ஒன்று, சுற்றுவாக்கில் 3.2 சதவீதம். வெட்டினால் நன்றி சொல்வார்கள், விலை விறகு விலைதான். ஆனால் முள், கோணல், நடுவில் பொந்து எல்லாம் உண்டு. 6 அங்குலத்துக்கு மேல் நல்ல துண்டு கிடைப்பது அபூர்வம். கைப்பழக்கத்துக்கு அதைவிட நல்ல மரம் இந்த மாவட்டத்தில் இல்லை.

மா, பலா, வேம்பு மூன்றும் நடுத்தரம். மாமரம் சுற்றுவாக்கில் 5.5 சதவீதம், வேம்பு 6 சதவீதத்துக்குச் சற்று மேல். பொறுமை இருந்தால் கைகொடுக்கும். புளி கல்போல இருக்கும், வெடிப்பதிலும் அப்படியே பிடிவாதம். ஊட்டித் தைலமரத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். அதன் சுற்றுவாக்குச் சுருக்கம் 15 சதவீதத்தைத் தொடும், போதாததற்கு நின்ற மரத்துக்குள்ளேயே இழுவிசை இருப்பதால் அறுக்கும்போதே பிளக்கும். அரளி, எட்டி இரண்டும் நஞ்சு, அலங்காரப் பொருளுக்குக்கூட வேண்டாம்.

கர்நாடகத்துச் சன்னபட்டணாவிலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்கவிலும் பொம்மைக் கடைசல்காரர்கள் வெட்பாலையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதன் நெருக்கமான, மென்மையான நாரே காரணம். ஆனால் அவர்கள் கடைவது சிறு துண்டு. 10 அங்குலக் கிண்ணத்துக்கு ஏற்ற பருமனில் வெட்பாலை கிடைப்பது கடினம்.

மர வகைகளை வெட்டுமுகத்தோடு பார்த்துப் பழக, கோவை கௌலி பிரவுன் சாலை வன வளாகத்தில் 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். பெயர்ப்பலகையோடு வைத்திருக்கும் மர மாதிரிகளை அரை நாள் பார்த்தால், அடுத்த முறை மரவாடியில் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

மரம் விழுந்த அன்றே

சாலை விரிவாக்கம், வீட்டுக்கு மேல் சாய்ந்த கிளை, ஆடிக் காற்றில் முறிந்தது என்று மரம் கிடைக்க வழிகள் பல. கோவை–பொள்ளாச்சிச் சாலையை நான்கு வழியாக்கியபோது விழுந்த சாலையோர மரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மரம் பஞ்சமில்லை, சரியான நேரத்தில் அங்கே இருப்பவர்தான் பஞ்சம். சந்தனம், ஈட்டி, தேக்கு போன்றவற்றுக்கு வனத்துறை நடைமுறைகள் உண்டு. பொது இடத்து மரம் என்றால் ஏலம் எடுத்தவரிடம்தான் பேச வேண்டும். சாலையோர மரத்தில் விளம்பரப் பலகை அறைந்த ஆணி, முள்கம்பி, மாடு கட்டிய கொக்கி எல்லாம் உள்ளே புதைந்திருக்கும். கடைசல் இயந்திரத்தில் ஏற்றும் முன் காந்தத்தை வைத்து ஒரு முறை தடவிப் பாருங்கள். ஆணியைச் சுற்றி மரம் கருநீலமாக மாறியிருப்பதும் ஓர் அடையாளம்.

அறுக்கும்போது நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. 10 அங்குலக் கிண்ணத்துக்கு 10 அங்குல நீளம் வெட்டி வாங்கினால், இரண்டு முனையும் வெடித்த பிறகு 6 அங்குலக் கிண்ணம்தான் மிஞ்சும். 16 அங்குலமாவது இருக்கட்டும். முனை வெடித்தால் அதைச் சீவித் தள்ளிவிட்டு உள்ளே நல்ல மரத்தை எடுத்துக்கொள்ளலாம். அறுத்த சில மணி நேரத்துக்குள் இரண்டு வெட்டுமுகத்தையும் மூட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்குப் பூசும் மெழுகு வெடிப்பின் மேல்தான் போய் உட்காரும். உருக்கிய பாரஃபின் மெழுகு எல்லாவற்றிலும் சிறந்தது. இல்லாவிட்டால் ஃபெவிகோலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இரண்டு பூச்சு, அதுவும் இல்லையென்றால் வீட்டில் மிஞ்சிய எண்ணெய்ப் பெயிண்ட். சாணியும் களிமண்ணும் குழைத்து அப்புவது பழைய வழி. பாதிப்பங்கு வேலை செய்யும், காய்ந்ததும் உதிர்ந்துவிடும். எந்தப் பூச்சாக இருந்தாலும் வெட்டுமுகத்தோடு நிற்காமல் பக்கவாட்டிலும் ஓர் அங்குலம் இறங்கட்டும்.

பிறகு கட்டையை மையத்தின் வழியாக நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். முழு உருளையாக வைத்திருந்தால் என்ன பூசினாலும் மேலே சொன்ன கணக்கு அதைப் பிளந்தே தீரும். பிளந்ததோடு விடாமல் மையத்தை ஒட்டி இரண்டு பாதியிலும் அரை முதல் ஓர் அங்குலம் வரை பலகையாகச் சீவி எறியுங்கள். மையம் எப்போதும் நட்டநடுவில் இருக்காது, சாய்ந்து வளர்ந்த மரத்தில் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அப்படி ஒதுங்கிய கட்டையும், கிளை பிரியும் கவட்டையும் பார்க்க அழகாக இருக்கும். ஆரம்பத்தில் அந்த அழகுக்கு மயங்க வேண்டாம்.

அன்றே கடைய முடியாவிட்டால் பாதிக் கட்டைகளை நிழலில், வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்து ஈரக் கோணியால் மூடுங்கள். வாரக்கணக்கில் தள்ளிப் போகும் என்றால் பிளாஸ்டிக் பீப்பாய்த் தண்ணீரில் மூழ்க வைத்துவிடலாம். ஆசாரிமார் மரத்தைக் குளத்தில் மாதக்கணக்கில் ஊறப்போட்ட வழக்கம் இதுதான். நீரில் கிடந்த மரத்தில் மாவுச்சத்தும் சாறும் கரைந்து போவதால் பூச்சி விழுவதும் குறைகிறது. ஆனால் குறிச்சிக் குளத்திலோ வெள்ளலூர்க் குளத்திலோ இன்று அதைச் செய்ய நினைக்காதீர்கள். சாக்கடை கலந்த நீரில் ஊறிய மரத்தில் யார் சாப்பிடுவது? பீப்பாய் போதும், வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றினால் நாற்றம் வராது.

முதல் கடைசல்

கோயமுத்தூரில் லேத் என்று சொன்னால் எல்லோருக்கும் இரும்புதான் ஞாபகம் வரும். குறிச்சி சிட்கோவில் இரும்பு கடைகிற ஒரு பழைய லேத்தை வாங்கி மரத்துக்கு மாற்றிக்கொண்டாலும் தவறில்லை, வேகத்தை மட்டும் கவனியுங்கள். பச்சைக் கட்டை கனமானது, எடை ஒரு பக்கமாக இழுக்கும். மிகக் குறைந்த சுற்றில் தொடங்கி, வட்டமான பிறகு கூட்டலாம். முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு கட்டாயம்.

பச்சை மரத்தை இரண்டு முறை கடைவதுதான் நம் ஊருக்கு நம்பகமான வழி. முதல் முறை தடியாக, உலர்ந்த பிறகு இரண்டாம் முறை மெல்லியதாக. முதல் கடைசலில் சுவரின் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது உலகெங்கும் சொல்லும் கணக்கு. 10 அங்குலக் கிண்ணத்துக்கு ஓர் அங்குலம், ஆசாரிக் கணக்கில் 8 நூல். இது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மரத்துக்கு மரம் மாற்றிக்கொள்ளலாம். மரம் 12 சதவீத ஈரத்துக்கு வரும்போது மொத்தச் சுருக்கத்தில் சுமார் ஐந்தில் மூன்று பங்கு நடந்திருக்கும். எனவே 10 அங்குலக் கிண்ணம், நாரின் நீளவாக்கில் 10 அங்குலமாகவே நிற்க, குறுக்குவாக்கில் தேக்கு 3 நூல் வரை, மாமரம் இரண்டரை நூல், தூங்குமூஞ்சி ஒன்றரை நூல் குறையும். முட்டை வடிவமாகிவிட்ட அதை மீண்டும் வட்டமாக்க எவ்வளவு சதை வேண்டுமோ அவ்வளவு இருந்தால் போதும். அதற்கு மேல் விடும் ஒவ்வொரு நூலும் காய்வதைத் தாமதமாக்கும். உள்ளும் புறமும் வேறுவேறு வேகத்தில் காய்ந்து வெடிக்கவும் வைக்கும். தேக்குக்கும் மாவுக்கும் 8 நூல், தூங்குமூஞ்சிக்கும் பூவரசுக்கும் 6 நூல். மரம் தடியாக இருந்தால் பத்திரம் என்ற எண்ணம்தான் பல கிண்ணங்களைக் கொல்கிறது.

எவ்வளவு கனம் என்பதைவிட எங்கும் அதே கனமா என்பது முக்கியம். குளம் வற்றும்போது கரையோரம் மெல்லிய சேறு முதலில் காய்ந்து நடுச்சேற்றை விட்டு விலகி வெடிக்கிறதே, கிண்ணத்தின் மெல்லிய விளிம்பும் தடித்த அடியும் அதையேதான் செய்கின்றன. பலரும் சுவரை ஒழுங்காகக் கடைந்துவிட்டு, சக் பிடிக்க வேண்டுமே என்று அடியில் 2 அங்குலம் விட்டுவைப்பார்கள். அடிப்பிடியைச் சிறியதாக வையுங்கள். உள்ளே அடித்தளத்தின் கனம் சுவருக்குச் சமமாக வரும்வரை தோண்டுங்கள். விளிம்பைக் கூர்மையாக விடாமல் உருட்டி விடுங்கள், கூர்முனைதான் முதலில் காயும்.

வேலை நடக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வேர்க்கும், பரவாயில்லை. தெளிப்பானில் தண்ணீர் வைத்துக்கொண்டு அடிக்கடி தெளியுங்கள். அரைக் கிண்ணத்தை இயந்திரத்தில் மாட்டியபடியே சாப்பிடப் போகாதீர்கள், போனால் ஈரத்துணி சுற்றி மேலே பாலிதீன் பை மாட்டிவிட்டுப் போங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று முதல் நாளே செய்தித்தாளில் பார்த்துக்கொள்வது நல்லது. காலை ஒன்பதுக்கு மின்சாரம் போய் மாலைதான் வரும் நாளில் பெரிய கட்டையைத் தொடங்குவது வீண் சோதனை.

மா, புளி, கருவேலம் போன்ற துவர்ப்பு மரங்களின் ஈரச் சீவல் இரும்பில் பட்டால் மையாகக் கறுக்கும். கடைந்த கையோடு இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். கிண்ணத்தில் கறை ஏறிவிட்டால் எலுமிச்சைச் சாறு எடுக்கும்.

காற்றுக்கு ஒளித்து வைத்தல்

முதல் கடைசல் முடிந்த நிமிடத்திலிருந்து கிண்ணத்தைக் காற்றிடமிருந்து ஒளிக்க வேண்டும். விளிம்பிலும், சுவரில் வெட்டுமுகம் வரும் இரண்டு இடங்களிலும் உள்ளும் புறமும் மெழுகு தடவுங்கள். முழுக் கிண்ணத்துக்கும் மெழுகு பூச வேண்டாம், ஈரம் போக வழி வேண்டுமே. பிறகு செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி, அட்டைப்பெட்டியில் அதே மரத்தின் சீவலோடு புதைத்து மூடிவிடுங்கள். சிமெண்ட் வரும் காகிதப் பை கிடைத்தால் இன்னும் நல்லது, நன்றாக உதறிக்கொள்ளுங்கள்.

வைக்கும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பரணில் வைக்காதீர்கள், ஓட்டுக்கும் தகரத்துக்கும் கீழே சித்திரை மாதத்தில் அது அடுப்பு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பட்டறையும் அப்படியே. வீட்டின் உள்ளறையில், தரையை ஒட்டி, கட்டிலுக்கு அடியில், மேற்குச் சன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். மேற்குச் சன்னல் என்றால் பாலக்காட்டுச் சன்னல்.

மாதத்துக்கு மாதம் கைமுறை மாற வேண்டும். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தால் மரம் 7 அல்லது 8 சதவீத ஈரத்தில் போய் நிற்கும், 65 என்றால் 11–12, 80 என்றால் 15-ஐத் தாண்டும். மாசி, பங்குனிப் பிற்பகல்களில் நம் ஊர்க் காற்று 40-ஐ ஒட்டியோ அதற்கும் கீழோ இருக்கும். அப்போது பெட்டிக்கு மேல் ஒரு போர்வையும், முதல் இரண்டு வாரம் தளர்வாகக் கட்டிய பாலிதீன் பையும் தேவை. பையைத் தினமும் உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பிப் போட்டால் உள்ளே வியர்த்த நீர் அளவாக வெளியேறிவிடும். ஆனி, ஆடியில் வானம் மூடியிருக்கும், காற்று ஈரமாகத்தான் வரும், ஆனால் வேகம் அதிகம். பெட்டி மூடியிருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம்தான் முதல் கடைசலுக்கு ஏற்ற பருவம். வெடிப்பு அநேகமாக வராது. அதற்குப் பதிலாகப் பூஞ்சை வரும், மாமரத்தையும் தூங்குமூஞ்சியின் வெள்ளைப்பகுதியையும் கருநீலமாக்கிவிடும். அந்த இரண்டு மாதமும் சீவலில் புதைக்காமல் வெறும் செய்தித்தாளில் சுற்றி, தாள் நனைந்ததும் மாற்றிக்கொண்டிருங்கள். ஐப்பசியில் கடைந்தது தைக்குள் பாதி ஆபத்தைக் கடந்து, மாசிக் காற்றைத் தாங்கும் நிலைக்கு வந்திருக்கும். வருடத்துக்கு ஒரே ஒரு முறை மொத்தமாகக் கடைய நேரம் வாய்க்கும் என்றால் தீபாவளியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று தட்டிப் பார்ப்பது, கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்ப்பது எல்லாம் பழகிய கைக்குச் சரி. மற்றவர்களுக்குச் சமையலறைத் தராசு. கடைந்த அன்றே கிண்ணத்தின் அடியில் மரத்தின் பெயர், தேதி, எடை மூன்றையும் பென்சிலால் எழுதி, வாரம் ஒரு முறை நிறுத்து அதற்குக் கீழேயே குறித்து வாருங்கள். முதல் வாரம் சர்ரென்று இறங்கும். பிறகு குறைவது நிதானமாகும். அடுத்தடுத்து மூன்று வாரம் எடை அசையாவிட்டால் கிண்ணம் ஊர்க் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று பொருள். நடுவில் எந்த வாரமாவது முந்தைய வாரத்தைவிட அதிகமாக இறங்கினால் பெட்டிக்குள் காற்று புகுந்திருக்கிறது, போய்ப் பாருங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். ஊசி குத்தும் ஈரமானி வாங்கினால் நல்லது, வாங்காவிட்டால் நட்டமில்லை.

வேக வைத்தல், மற்ற வித்தைகள்

பொறுமை இல்லாதவர்களுக்கும், பிடிவாதமான மரத்துக்கும் ஒரு நல்ல வழி உண்டு: வேகவைப்பது. கல்யாண வீட்டு அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, முதல் கடைசல் முடிந்த கிண்ணங்களை மூழ்க வைத்து மேலே கல் ஏற்றுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம். நாரை ஒட்டவைக்கும் லிக்னின் சூட்டில் இளகி, உள்ளே கட்டிக்கிடந்த இழுவிசை தளர்கிறது. சாறும் வெளியேறுவதால் பிறகு சீராகக் காயும். அடுப்பை அணைத்து அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு எடுங்கள், கொதிக்கக் கொதிக்க வெளியே எடுத்துக் காற்றில் வைத்தால் செய்ததெல்லாம் வீண். இரும்பு அண்டா வேண்டாம், துவர்ப்பு மரம் கறுத்துவிடும். வேம்பை வேகவைத்த அண்டாவில் மறுநாள் சோறு வடிக்கவும் வேண்டாம். மரத்தின் நிறம் கொஞ்சம் மங்கும். வேம்பும் புளியும் கடைகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும் என்பேன்.

மைக்ரோவேவ் அடுப்பில் ஓரிரு நிமிடமாக, குறைந்த சூட்டில், நடுநடுவே ஆறவிட்டு உலர்த்துவது மெல்லிய சிறு கிண்ணத்துக்கு ஒத்துவரும். தடித்ததை வைத்தால் உள்ளே கருகும், சில நேரம் தீப்பிடிக்கும். ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் வெடிக்காது என்று பலர் சத்தியம் செய்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஊறவைத்த பிறகு அவர்கள் ஒழுங்காகக் காகிதம் சுற்றுவதுதான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் உண்மையாகவே வேலை செய்யும், குழல் சுவரில் நீர் இருந்த இடத்தைத் தான் பிடித்துக்கொண்டு சுருங்கவிடாமல் நிறுத்தும். 1628-ல் மூழ்கி 1961-ல் மேலே எடுத்த சுவீடனின் வாசா கப்பலை, அதைத் தெளித்துத் தெளித்தே 17 ஆண்டுகளில் காப்பாற்றினார்கள். கப்பலுக்குச் சரி. நம் கிண்ணத்தில் பிசுபிசுப்பு போகாது, மேற்பூச்சு ஒட்டாது.

இரண்டு முறை கடையும் பொறுமையே வேண்டாம் என்றால் பச்சையாகவே 2 நூல் கனத்துக்கு மெல்லியதாகக் கடைந்து முடித்துவிடலாம். மெல்லிய சுவர் வெடிப்பதற்குப் பதிலாக வளைந்து கொடுக்கும். கிண்ணம் கோணலாகும். விளிம்பு அலைபோல் எழும்பும். சிலருக்கு அது பிடிக்கும். உப்பு மரவைக்கும் மூடி போடும் டப்பாவுக்கும் இந்த வழி உதவாது.

வெடிப்பு வந்துவிட்டால்

விளிம்பில் மயிரிழை தெரிந்த உடனே கிண்ணத்தைத் தண்ணீரில் நனைத்துப் பையில் போட்டுவிடுங்கள், இழை மூடிக்கொள்ளும். மறுநாள் அதன் மேல் நீர்போல் ஓடும் ஃபெவிக்விக்கை ஊற்றி இறங்கவிட்டால் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். அரை அங்குலம் வரை ஓடிய வெடிப்பென்றால் விளிம்பை அந்த அளவுக்குக் கீழிறக்கிக் கடைந்துவிடலாம். அடித்தளத்தின் குறுக்கே ஓடிய வெடிப்பைப் பிசினும் மரத்தூளும் வைத்து அடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அலங்காரக் கிண்ணமாக இருந்தால் சொல்லி விற்கலாம். சாப்பாட்டுக் கிண்ணத்தில் அந்த இடுக்கில் மோரும் எண்ணெயும் தங்கிக் கெடும். அதை அடுப்புக்குப் போட்டுவிட்டு அடுத்த கட்டையை எடுங்கள்.

இரண்டாம் கடைசல் முடிந்த கிண்ணத்துக்கு ஆளி விதை எண்ணெயை மெல்லியதாக, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே நன்றாகக் காயவிட்டு மூன்று நான்கு முறை பூசி, கடைசியில் தேன்மெழுகு தேய்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாது, அதனால் இந்த வேலைக்கு ஆகாது. விற்கும்போதும் பரிசளிக்கும்போதும் ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள்: தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, கழுவி வெயிலில் கவிழ்க்கக் கூடாது, ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் வைக்கக் கூடாது. இந்தச் சீட்டு இல்லாமல் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வெடித்துவிட்டது என்று திரும்பி வந்தால், அந்தக் குற்றம் வாங்கியவருடையது அல்ல.